வெளுத்ததெல்லாம் பாலல்ல: செல்லின் கொழுப்பும் ஒளிர்சாயங்களின் சாட்சியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சாளர் தம் துறையைப் பிற துறை மாணவர்களுக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் விதி. அதை மதித்து, சமன்பாடு ஒன்றும் இல்லாமல் பேச முயல்கிறேன். எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. செல்லுக்குள் கொழுப்பைச் சேமித்து வைக்கும் துளிகளும், அவற்றை நம் கண்ணுக்குக் காட்டும் ஒளிர்சாயங்களும்.

உயிரியல் ஆய்விதழ்களைப் புரட்டினால் கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளிகளோ சிவப்புப் புள்ளிகளோ மின்னும் படங்களை நிறையப் பார்க்கலாம். கீழே 'கொழுப்புத் துளிகள்' என்று அச்சாகியிருக்கும். அவை கொழுப்புத் துளிகள் என்று சொன்னது யார்? சாயம். சாயத்துக்கு அது எப்படித் தெரிந்தது? இந்த இரண்டாம் கேள்விதான் இன்றைய பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயத்துக்குக் கொழுப்பைத் தெரியாது. தான் போய் உட்கார்ந்த இடத்தின் இயல்பு மட்டுமே அதற்குத் தெரியும். அந்த இயல்பைப் பார்த்து 'இது கொழுப்பு' என்று தீர்ப்பு எழுதுவது நாம். தீர்ப்பு பிழைத்தால் பொறுப்பும் நம்முடையதே.

1. துளி என்னும் உறுப்பு

கொழுப்புத் துளியை நெடுங்காலம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நுண்ணோக்கியில் அதைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் உட்கருவுக்கும் கிடைத்த மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை. மிஞ்சிய கொழுப்பு ஒதுங்கிக் கிடக்கும் மூலை என்றே பாடநூல்கள் கருதின.

அந்த எண்ணம் மாறத் தொடங்கியது 1991இல். அமெரிக்காவில் கான்ஸ்டன்டைன் லண்டோஸும் அவருடைய குழுவினரும் கொழுப்புச் செல்லின் துளிகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் பெரிலிபின் என்ற புரதத்தை அறிவித்தார்கள். துளியின் மேற்பரப்பில் காவல் இருக்கிறது, யாரை உள்ளே விடுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்தது. 2004இல் துளிக்குள் இருக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை முதல் வெட்டு வெட்டும் நொதியும் அடையாளம் காணப்பட்டது. இன்று கொழுப்புத் துளி தனி உறுப்பாகவே எண்ணப்படுகிறது.

அதன் கட்டமைப்பு விசித்திரமானது. செல்லின் மற்ற உறுப்புகளைச் சுற்றியிருப்பது பாஸ்போலிப்பிடுகளின் இரட்டை அடுக்கு. துளியைச் சுற்றியிருப்பதோ ஒற்றை அடுக்கு. உள்ளே தண்ணீருக்கு இடமே இல்லை. பெரும்பாலும் டிரைகிளிசரைடும் கொலஸ்டிரால் எஸ்டர்களும்தான். எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் உள்ள இரண்டு அடுக்குகளுக்கு இடையில் கொழுப்பு வில்லைபோல் திரண்டு, வெளிப்புறமாகப் பிதுங்கித் துளியாகிறது. துளி ஒழுங்காக உருவாக செய்பின் என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணு பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பிறவி நோய் காட்டுகிறது. பெரார்டினெல்லி-செய்ப் நோயில் உடலில் கொழுப்புத் திசுவே ஏறக்குறைய இருக்காது. கொழுப்பு இல்லாத உடம்பு என்றால் நல்லதுதானே என்று தோன்றலாம். அந்த நோயாளிகளுக்குக் கடுமையான நீரிழிவும் கொழுப்பேறிய கல்லீரலும் வருகின்றன. கொழுப்புக்கு உரிய இடம் இல்லாவிட்டால் அது உரிமையில்லாத இடங்களில் போய்த் தங்கிவிடும். தனித்துத் திரியும் கொழுப்பு அமிலங்கள் செல்லுக்கு நஞ்சு. அவற்றைப் பிடித்துப் பாதுகாப்பாக அடைத்து வைப்பதே துளியின் வேலை.

அளவில் துளிகளுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. வெள்ளைக் கொழுப்புச் செல்லில் ஒரே துளி செல் முழுவதையும் நிரப்பி, விட்டத்தில் 100 மைக்ரோமீட்டர் வரைகூட வளரும். மற்றச் செல்களில் பெரும்பாலும் ஓரிரு மைக்ரோமீட்டர்தான். புதிதாய்ப் பிறந்த துளி ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறக்குறைய கால் மைக்ரோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. ஆகவே நாம் பார்ப்பது வளர்ந்த துளிகளையே. பிறப்பு நம் பார்வைக்குக் கீழே நடக்கிறது.

2. குழம்பில் இருக்கும் வேதியியல்

கொழுப்புக்குச் சாயம் ஏற்றும் வித்தை ஒளிர்சாயங்களுக்கு முந்தியது. 1896இல் டாடி என்ற இத்தாலியர் சூடான் 3 என்ற சிவப்புச் சாயத்தைக் கொழுப்பைக் காண்பதற்குப் பயன்படுத்தினார். அதன் பின் சூடான் 4, ஆயில் ரெட் ஓ, சூடான் பிளாக் என்று ஒரு குடும்பமே வந்தது. இவை எதுவும் கொழுப்போடு வேதிவினை புரிவதில்லை. மிளகாய் போட்டுக் கொதித்த குழம்பில் சிவப்பு முழுவதும் மேலே மிதக்கும் எண்ணெயில் ஏறி நிற்கிறதே, அதே செயல்தான். மிளகாயின் நிறமிக்குத் தண்ணீரை விட எண்ணெய் பிடிக்கும். சூடான் சாயத்துக்கும் அப்படியே.

இந்த ஒற்றுமையை ஆய்வகத்துக்கு வெளியே தவறாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. தொழிற்சாலைச் சாயமான சூடான் 1ஐ மிளகாய்த் தூளில் கலந்தால் தூளும் சிவக்கும், குழம்பின் எண்ணெயும் சிவக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 2003இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொருள்களில் அது இருப்பது பிரான்ஸில் தெரியவந்து, ஐரோப்பிய ஒன்றியம் அவசரக் கட்டுப்பாடு விதித்தது. எண்ணெயில் கரையும் சிவப்பு எதுவானாலும் எண்ணெயைச் சிவப்பாக்கும். அது மிளகாயின் சிவப்புத்தானா என்று எண்ணெய் சொல்லாது. இந்தப் பாடம் பிறகும் நமக்குத் தேவைப்படும்.

சூடான் வகைச் சாயங்களோடு வேறொரு சங்கடமும் வந்தது. அவை தண்ணீரில் கரையாது. ஆல்கஹால் கலந்த கரைசலில்தான் கரைக்க வேண்டும். ஆல்கஹாலோ கொழுப்பைத் தொந்தரவு செய்வது. எத்தனாலும் ஐசோபுரோப்பனாலும் பட்டால் பக்கத்துப் பக்கத்துத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிய துளியாகிவிடுகின்றன என்று 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். துளிகள் பெரிதாகிவிட்டன என்று நாம் எழுதும் முடிவு, உயிர் செய்ததா, குப்பியில் இருந்த ஆல்கஹால் செய்ததா?

மருத்துவமனை நோய்க்குறியியல் ஆய்வகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கல்லீரல் திசுவை மெழுகுக் கட்டியில் பதிக்க ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்க வேண்டும். அந்தக் குளியலில் கொழுப்பு முழுவதும் கரைந்து போய்விடும். ஸ்லைடில் தெரிவது வட்ட வட்டமான வெற்றிடங்கள். கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று மருத்துவர் எழுதுவது, கொழுப்பு இருந்து போன ஓட்டைகளைப் பார்த்துத்தான். கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் திசுவை உறையவைத்து வெட்டி ஆயில் ரெட் ஓ போட வேண்டும். நுண்ணோக்கியில் கிடைக்கும் எந்தச் சான்றும், திசு நம் கைக்கு வந்து சேர்ந்த வழியையும் சேர்த்தே சுமந்து வருகிறது.

3. நீலக் குப்பிக்குள் இருந்த சிவப்பு

இனி ஒளிர்வுக்கு வருவோம். ஒரு பொருள் அதிக ஆற்றலுள்ள ஒளியை விழுங்கி, குறைந்த ஆற்றலுள்ள ஒளியாகத் திருப்பித் தருவதே ஒளிர்வு. 1852இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் குயினைன் கரைசலின் மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழச் செய்து, அது நீலமாகத் திரும்பி வருவதை விளக்கினார். விழுங்கிய ஒளிக்கும் உமிழ்ந்த ஒளிக்கும் இடையே உள்ள அலைநீள வேறுபாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அந்த வேறுபாடு இருப்பதால்தான் வடிகட்டி ஒன்றைப் போட்டு, பாய்ச்சிய ஒளியை மறைத்து, மாதிரியிலிருந்து வரும் ஒளியை மட்டும் இருட்டில் காண முடிகிறது.

கொழுப்புத் துளிக்கு வாய்த்த புகழ்பெற்ற ஒளிர்சாயத்தின் கதை ஓர் அழுக்கில் தொடங்குகிறது. 1908ஐ ஒட்டி மான்செஸ்டரில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த லோரெய்ன் ஸ்மித், நைல் புளூ என்ற சாயத்தைத் திசுக்களில் போட்டுப் பார்த்தார். கொழுப்பு அமிலங்கள் நீலமாயின. நடுநிலைக் கொழுப்போ சிவந்தது. நீலக் குப்பியிலிருந்து சிவப்பு எப்படி வந்தது? நைல் புளூ கரைசலில் தானாகவே சிறிதளவு உருவாகும் வேறொரு சேர்மம்தான் காரணம். மின்சுமை இல்லாத அந்தச் சேர்மம் எண்ணெயைத் தேடிப் போயிருக்கிறது. அதன் பெயர் நைல் ரெட்.

அந்த அழுக்கைத் தனியாக எடுத்து ஒளிர்சாயமாக அறிமுகப்படுத்தியது 1985ஆம் ஆண்டுக் கட்டுரை. கிரீன்ஸ்பன், மேயர், ஃபௌலர் ஆகிய மூவர் எழுதியது. நைல் புளூவைக் கொதிக்கவைத்தே நைல் ரெட்டைத் தயாரித்தார்கள். வேதிமாற்றம் செய்த எல்டிஎல் கொலஸ்டிராலை ஊட்டிக் கொழுக்க வைத்த மேக்ரோஃபேஜ் செல்களில் அதைப் போட்டபோது, துளிகள் பொன்மஞ்சளாக ஒளிர்ந்தன. செல்லைக் கொல்லாமல், ஆல்கஹாலில் முக்காமல், உயிரோடு பார்க்க முடிந்தது.

அந்தக் கட்டுரையில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. நீல ஒளி பாய்ச்சிப் பொன்மஞ்சள் ஒளியில் பார்த்தால் துளிகள் தெளிவாகப் பிரிந்து தெரியும். பச்சை ஒளி பாய்ச்சிச் சிவப்பில் பார்த்தால் அந்தத் தெளிவு குறையும். ஒரே சாயம், ஒரே செல். வடிகட்டியை மாற்றினால் படம் மாறுகிறது.

4. சாயம் எதைச் சொல்கிறது

நைல் ரெட் மூலக்கூறின் ஒரு முனையில் எலக்ட்ரானைத் தரும் குழுவும் மறுமுனையில் அதை இழுக்கும் குழுவும் உள்ளன. ஒளியை விழுங்கியதும் எலக்ட்ரான் அடர்த்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்கிறது. மூலக்கூறின் மின்முனைமை கூடுகிறது. சுற்றியிருப்பவை மின்முனைமை உள்ள மூலக்கூறுகளானால், அவை திரும்பித் தங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு அந்த நிலையைத் தாங்கிப் பிடிக்கும். அதில் ஆற்றல் கொஞ்சம் செலவாகும். திரும்பி வரும் ஒளி அந்த அளவு சிவக்கும். சுற்றிலும் எண்ணெய் என்றால் அந்தச் செலவு இல்லை. ஒளி மஞ்சளாக வரும். ஹெப்டேன் கரைப்பானில் நைல் ரெட் சுமார் 530 நானோமீட்டரில் ஒளிர்கிறது. எத்தனாலில் சுமார் 630இல். தண்ணீரில் ஏறக்குறைய அணைந்தே போகிறது.

இந்த இயல்பின் அழகு என்னவென்றால், துளிக்கு வெளியே மிதக்கும் சாயம் இருண்டு கிடப்பதால் படத்தில் பின்னணி தூய்மையாக இருக்கும். ஆபத்தும் அதே இயல்பிலிருந்துதான் வருகிறது. 'எனக்கு அருகே தண்ணீர் இல்லை' என்பதே சாயம் தரும் சாட்சி. தண்ணீர் இல்லாத இடம் கொழுப்புத் துளி மட்டுமா? சவ்வுகள் உண்டு. பாஸ்போலிப்பிடு அடுக்கடுக்காகச் சேர்ந்த லைசோசோம்கள் உண்டு. செல்லுக்கு வெளியே வந்தால் பிளாஸ்டிக்கும் உண்டு. கடல்நீரில் நுண்நெகிழித் துகள்களைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் இன்று பயன்படுத்தும் சாயங்களில் முக்கியமானது இதே நைல் ரெட்தான்.

இன்னொரு குடும்பத்துக்கு போடிப்பி என்று பெயர். போரானும் ஃபுளோரினும் சேர்ந்த இந்த அமைப்பை 1968இல் ஜெர்மனியில் டிரைப்ஸும் கிராய்ட்ஸரும் கண்டார்கள். இதில் கொழுப்புத் துளிக்கென்று புழங்கும் போடிப்பி 493/503 என்ற சாயம், பெயரில் உள்ளபடியே 493 நானோமீட்டரில் விழுங்கி 503இல் உமிழ்கிறது. நிறம் குறுகலானது, ஒளி வலுவானது. சுற்றுப்புறம் மாறினாலும் நிறம் பெரிதாக மாறாது. அதன் தேர்வுத்திறன் முழுவதும் அது எங்கே கரைந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அளவுக்கு மேல் போட்டால் மற்றச் சவ்வுகளும் மின்னத் தொடங்கும்.

சாயமே இல்லாமல் ஒளிரும் துளிகளும் உண்டு. கல்லீரலில் நட்சத்திர வடிவச் செல்கள் இருக்கின்றன. 1876இல் குப்ஃபர் முதலில் விவரித்தவை. நம் உடலின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பகுதி அந்தச் செல்களின் கொழுப்புத் துளிகளில்தான் இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் அவை நீலப்பச்சையாக ஒளிர்ந்து சில நொடிகளில் மங்கிவிடும். இந்தச் செல்களின் அடையாளத்தை 1971இல் கென்ஜிரோ வாகே தெளிவுபடுத்தியதில் அந்த இயற்கை ஒளிர்வுக்கும் பங்கு உண்டு. சாயம் போடாத மாதிரியை முதலில் பார் என்று ஆசிரியர்கள் சொல்வது இதற்காகவும்தான்.

5. ஒரு புழுவின் வழக்கு

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கை இப்போது சொல்கிறேன். எலிகன்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உருண்டைப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். உடல் கண்ணாடிபோல் தெளிவானது. பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. கொழுப்புக்கென்று தனிச் செல்கள் இல்லை. குடல் செல்களிலும் தோலடிச் செல்களிலும் சேமிக்கிறது. கொழுப்பைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைத் தேடுவதற்கு இதைவிட வசதியான உயிர் கிடைப்பது அரிது. பாக்டீரியாவோடு நைல் ரெட்டைச் சேர்த்து ஊட்டிவிட்டு, உயிரோடு நுண்ணோக்கியில் வைத்தால் போதும்.

பாஸ்டனில் கேரி ரவ்குனின் ஆய்வகம் இதைத்தான் செய்தது. 2003இல் அஷ்ராஃபியும் உடனாய்வாளர்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில், 16,757 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். 305 மரபணுக்களை முடக்கியபோது கொழுப்பு குறைந்தது, 112இல் கூடியது. மரபணுத் தொகுதி முழுவதையும் கொழுப்புக்காகச் சலித்த அந்த முயற்சியின் வீச்சு யாரையும் வியக்க வைக்கும். ஊட்டப்பட்ட நைல் ரெட் ஒளிரும் இடமே கொழுப்பு என்று பலரும் அதன்பின் எடுத்துக்கொண்டார்கள்.

ஐயம் வேறு திசையிலிருந்து வந்தது. 2007இல் சுவீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, சாயமே போடாமல் ராமன் சிதறல் வழியாக அதே புழுவின் கொழுப்பைப் படம்பிடித்தது. கொழுப்பு தெரிந்த இடமும் நைல் ரெட் ஒளிர்ந்த இடமும் பொருந்தவில்லை. 2009இல் ஓரூர்க்கும் உடனாய்வாளர்களும் இதை முறைப்படி விசாரித்தார்கள். உயிருள்ள புழுவுக்கு ஊட்டிய சாயம் குடல் செல்களில் உள்ள லைசோசோம் வகை உறுப்புகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. புழுவின் முதன்மைக் கொழுப்புச் சேமிப்போ வேறு துளிகளில் இருக்கிறது. கொழுப்பைப் பிரித்தெடுத்து வேதிமுறையில் அளந்தபோது, அந்த அளவோடு ஊட்டிய நைல் ரெட்டின் ஒளிர்வு ஒத்துப்போகவில்லை. புழுவைப் பதப்படுத்தியபின் போட்ட ஆயில் ரெட் ஓ ஒத்துப்போனது. நாம் கொஞ்சம் முன்பு குறை சொன்ன பழைய சாயம்தான் அது.

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பது நம் ஊர்ப் பழமொழி. இந்தப் புழுவின் குடலில் மின்னியதெல்லாம் சேமிப்புக் கொழுப்பல்ல. சாயம் பொய் சொல்லவில்லை. 'எனக்கு அருகே தண்ணீர் இல்லை' என்று உண்மையைத்தான் சொன்னது. உணவோடு வந்த அந்நியப் பொருளைச் செல் எங்கே கொண்டுபோய் வைக்கும் என்ற கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை. 2003 பட்டியல் முழுவதும் வீண் என்றும் இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு பெயரையும் வேறு அளவுகோலால் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

இந்த வழக்கில் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்பும் விவரம் ஒன்று உண்டு. 2009 கட்டுரையும் ரவ்குனின் ஆய்வகத்திலிருந்தே வந்தது. தன் கையால் கட்டியதைத் தானே தட்டிப் பார்த்த ஆய்வகம் அது. இதே புழுவில் மைக்ரோஆர்என்ஏவைக் கண்டதற்காக 2024இல் விக்டர் ஆம்ப்ரோஸுடன் ரவ்குன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசு வேறொரு பணிக்கு. ஆனால் அறிவியலில் ஓர் ஆய்வகத்தின் தரம் எதில் தெரியும் என்று கேட்டால், நான் 2009 கட்டுரையைக் காட்டுவேன்.

6. திருச்சிக்காரரின் வழியில் ஒரு மறுசாட்சி

சாயத்தின் சாட்சியத்தைச் சோதித்தது ராமன் சிதறல் என்றேன். இந்த அவையில் அதை இன்னும் சற்று விரித்துச் சொல்லலாம். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் தொடர்ந்து செய்த பணியின் முடிவாக அந்த விளைவு உறுதியானது. அவர்கள் கண்டது ஒளிர்விலிருந்து வேறானது என்று நிறுவுவதே அன்று பெரிய வேலையாக இருந்தது. மூலக்கூறின் மேல் படும் ஒளி, அதன் பிணைப்புகளின் அதிர்வுக்கு ஏற்ப ஆற்றல் கூடியோ குறைந்தோ சிதறுகிறது. எந்த அளவு மாறியது என்று பார்த்தால் எந்தப் பிணைப்பு என்று தெரிந்துவிடும்.

கொழுப்பு அமிலத்தின் நீண்ட வாலில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் அடுக்கடுக்காக உள்ளன. கொழுப்புத் துளியில் அவை நெரிசலாக இருப்பதால், ஒரு சென்டிமீட்டருக்கு 2845 என்ற அலையெண்ணில் வலுவான குறி கிடைக்கிறது. சாதாரண ராமன் ஒளி மிகவும் மங்கல். செல்லைப் படம்பிடிக்க நேரம் பிடிக்கும். 1999இல் அமெரிக்காவில் சன்னி ஷீயின் குழு இரண்டு லேசர்களைச் சேர்த்து அந்தக் குறியைப் பன்மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2008இல் அதைவிடத் தெளிவான இன்னொரு முறையையும் தந்தது. இங்கே சாட்சி சொல்வது வெளியிலிருந்து வந்த சாயம் அல்ல, கொழுப்பின் பிணைப்பே. ஆனால் கருவி விலை உயர்ந்தது. மிகச் சிறிய துளிகள் தெரியாது. எந்தப் புரதம் துளியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று இதனால் சொல்ல முடியாது. ஆகவே சாயத்தை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது; இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க வேண்டும்.

7. இன்று வேதியியலாளர் தேடுவது

நல்ல சாயம் என்றால் என்ன? முதலில் நிறப் பங்கீடு. போடிப்பி பச்சை, துளிப் புரதங்களோடு இணைக்கப்படும் ஜிஎஃப்பி என்ற ஒளிர்புரதமும் பச்சை. இரண்டையும் ஒரே செல்லில் பிரித்துக் காண முடியாது. நைல் ரெட்டோ மஞ்சளிலிருந்து சிவப்பு வரை பரவி மற்ற நிறங்களுக்கு இடம் விடாது. அதனால் நீலத்திலும் ஆழ்சிவப்பிலும் ஒளிரும் சாயங்கள் உருவாகியுள்ளன. இரண்டாவது தாங்கும் திறன். ஒளி பாய்ச்சப் பாய்ச்சச் சாயம் வெளிறும். வெளிறும்போது உண்டாகும் வினைப்பொருள்கள் செல்லையும் வாட்டும். துளிகள் சேர்வதையும் பிரிவதையும் மணிக்கணக்கில் பின்தொடர வேண்டுமானால் வெளிறாத சாயம் வேண்டும். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் யமாகுச்சி குழுவினர் இதற்கென்றே உருவாக்கிய சாயங்கள், வலுவான லேசர் கேட்கும் ஸ்டெட் நுண்ணோக்கியிலும் தாக்குப்பிடிக்கின்றன. மூன்றாவது நெரிசல். வழக்கமான சாயங்கள் ஓரிடத்தில் நெருங்கினால் ஒன்றையொன்று அணைத்துவிடும். 2001இல் ஹாங்காங்கில் பென் ஜோங் டாங்கின் குழு இதற்கு நேர்மாறான, நெருங்கினால்தான் ஒளிரும் மூலக்கூறுகளை அறிவித்தது. அந்த வழியிலும் துளிச் சாயங்கள் வந்துள்ளன.

இன்னொரு வகை, துளியைக் காட்டுவதை விட்டுக் கொழுப்பின் பயணத்தைக் காட்டுவது. கொழுப்பு அமிலத்தின் வாலில் போடிப்பியை ஒட்டிச் செல்லுக்கு ஊட்டினால், அது துளிக்குள் சேர்வதையும், பட்டினி போட்டால் துளியிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போவதையும் பார்க்கலாம். 2015இல் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸின் குழு இப்படிப் பின்தொடர்ந்தது. ஆனால் மூலக்கூறில் பாதிக்கு மேல் சாயமாக இருக்கும்போது, நாம் பின்தொடர்வது கொழுப்பு அமிலத்தையா, சாயத்தையா? மைட்டோகாண்ட்ரியாவை அடைந்தது என்பதைப் படம் சொல்லும். அங்கே எரிந்தது என்பதைச் சொல்லாது. இதைக் குறைக்க, கொழுப்பு அமிலத்தின் நுனியில் மிகச் சிறிய ஆல்கைன் பிணைப்பை மட்டும் வைத்து ஊட்டி, வேலை முடிந்தபின் சாயத்தை அதில் மாட்டும் முறை இருக்கிறது. 2022 நோபல் பரிசு பெற்ற கிளிக் வேதியியல் இங்கே கைகொடுக்கிறது. அதற்கும் விலை உண்டு: செல்லை முதலில் பதப்படுத்திக் கொல்ல வேண்டும்.

இந்த அக்கறை எல்லாம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. காசநோயாளியின் சளியில் உள்ள கிருமிகளுக்குள் கொழுப்புத் துளிகள் இருப்பதைப் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர் 2002இல் நைல் ரெட் கொண்டு காட்டினர். அத்தகைய கிருமிகள் மெல்ல வளர்பவை, மருந்துக்கு எளிதில் மசியாதவை என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. ஒரு புள்ளி கொழுப்பா இல்லையா என்ற கேள்வி, சிகிச்சை எத்தனை மாதம் என்ற கேள்வியின் அருகே வந்து நிற்கிறது.

8. மாணவர்களுக்கு

ஒளிர் நுண்ணோக்கி இன்று பல கல்லூரிகளில் இருக்கிறது. உங்களில் சிலர் இந்த ஆண்டே கொழுப்புத் துளிப் படம் எடுப்பீர்கள். எடுப்பதற்கு முன் சில காரியங்களைச் செய்யுங்கள். சாயம் போடாத செல்லை அதே வடிகட்டியில் பாருங்கள். செல்லின் சொந்த ஒளி எவ்வளவு என்று தெரியும். ஒலியிக் அமிலம் ஊட்டிய செல்லையும் ஊட்டாத செல்லையும் பக்கத்தில் வையுங்கள். புள்ளிகள் கூட வேண்டும். கொழுப்பு அமிலத்தைச் செயலூக்கும் நொதியை ட்ரையாக்சின் சி கொண்டு தடுத்துப் பாருங்கள். புள்ளிகள் குறைய வேண்டும். குறையாவிட்டால் நீங்கள் பார்ப்பது வேறு ஏதோ. துளிப் புரதத்துக்கு ஆன்டிபாடி போடும்போது டிரைட்டனைத் தவிர்த்து சப்போனின் போடுங்கள். டிரைட்டன் துளியின் மேற்பரப்பையே கலைத்துவிடும். முடிந்தால் அதே மாதிரியின் கொழுப்பைப் பிரித்து வேதிமுறையில் அளந்து, படத்தோடு ஒப்பிடுங்கள். படத்தின் கீழே சாயத்தின் பெயர், அடர்த்தி, வடிகட்டி மூன்றையும் எழுதுங்கள். பிறகு 'கொழுப்புத் துளிகள்' என்று எழுதுங்கள்.

பட்டியல் சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய அழகான படம் தவறாகப் படிக்கப்பட்டதிலிருந்து பிறந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு தட்டு செல் கூடுதலாக வளர்க்க வேண்டும், ஒரு பகல் கூடுதலாக உட்கார வேண்டும். வசதி குறைந்த கல்லூரியும் செய்யக்கூடியது இது. உலகத் தரமான கருவி நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். கருவி சொல்வதைக் குறுக்கு விசாரணை செய்யும் பழக்கத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் ஆசிரியர் திரையில் ஒரு பளபளப்பான படத்தைக் காட்டும்போது, கையை உயர்த்தி, இதற்கு இரண்டாவது சாட்சி எது என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள் என்று என் சக ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.